கேபினுக்குப் பின்னால் தொங்கும் கேபிள்

தாம்பரம் ரயில் நிலையத்தை ஒட்டியே ஜி.எஸ்.டி. சாலை போகிறது. அங்கே இரண்டு வகை டிரைலர்கள் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. தண்டவாளத்தில் ஓடுவது மின்சார ரயிலின் டிரைலர் கோச். மோட்டார் உள்ள பெட்டிகளோடு சேர்ந்து, தனக்கென்று மோட்டார் இல்லாமல் இழுபட்டு வரும் பெட்டிக்கு ரயில்வேயில் அதுதான் பெயர். சாலையில் ஓடுவதை எல்லோருக்கும் தெரியும். மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்துக்கு வந்துபோகும் 40 அடி கன்டெய்னர் வண்டி, ஒரகடத்திலிருந்து புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு துறைமுகத்துக்குப் போகிற நீள வண்டி, கம்பியும் காயிலும் ஏற்றிய திறந்த வண்டி எல்லாம் அந்த வகை.

இரண்டும் தானாக ஓடாதவை. ஆனால் இரண்டும் தானாக நிற்க வேண்டியவை. முன்னால் இழுப்பவன் நின்றுவிட்டால் போதாது, பின்னால் வருவதும் தன் எடையைத் தானே பிடித்து நிறுத்த வேண்டும். இந்தக் கடமையைத் தண்டவாளத்து டிரைலர் தவறாமல் செய்கிறது. சாலை டிரைலர் செய்கிறதா என்று கேட்டால் அதற்குப் பதில் சொல்ல வேண்டிய ஆள் யார் என்பதே குழப்பம்.

கடற்கரை–தாம்பரம் மீட்டர் கேஜ் பாதை 1931-இல் மின்மயமானது. ரயில்களைப் பராமரிக்கும் ஷெட்டும் அப்போதே தாம்பரத்தில் வந்தது. இன்று அந்தத் தடத்தில் ஓடும் புறநகர் ரயிலில் பிரேக்கை அழுத்தும் வேலையைக் காற்று செய்கிறது. எப்போது அழுத்த வேண்டும் என்று சொல்லும் வேலையை மின்சாரம் செய்கிறது. ஓட்டுநர் கைப்பிடியைத் திருப்பியதும் கம்பி வழியாகச் சைகை எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரே கணத்தில் போய்விடும். காற்று அந்தந்தப் பெட்டியின் தொட்டியிலேயே தயாராக இருக்கிறது. முதல் பெட்டியும் பன்னிரண்டாவது பெட்டியும் ஒன்றாகப் பிடிக்கின்றன. மின்சைகை தவறினாலும் வெறும் காற்றிலேயே இயங்கும் இரண்டாவது பிரேக் இருக்கிறது. வண்டி புறப்படுமுன் பிரேக்கைச் சோதித்துப் பார்ப்பது அங்கே அன்றாட நடைமுறை, அதற்கென்று ஆளும் உண்டு, கையெழுத்தும் உண்டு.

சாலைக்கு வருவோம். நம் ஊர்க் கனரக டிரைலர்களில் இருப்பது ஏர் பிரேக். இழுவை வண்டியின் கம்ப்ரசர் ஏறக்குறைய 8 பார் அழுத்தத்தில் காற்றைச் சேர்த்து வைக்கிறது. கேபினுக்குப் பின்னாலிருந்து சுருள் சுருளாக இரண்டு ஹோஸ்கள் டிரைலருக்குப் போகின்றன. சிவப்பு ஹோஸ் டிரைலரின் தொட்டியை நிரப்புவதற்கு. மஞ்சள் ஹோஸ் ஓட்டுநர் மிதித்த அளவைச் சொல்வதற்கு. சிவப்பு அறுந்தால் டிரைலர் பிரேக் தானே பிடித்துக்கொள்ளும். பழுதானால் நின்றுவிட வேண்டும் என்ற இந்த ஏற்பாடு 1872 வாக்கில் அமெரிக்காவின் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் ரயில்களுக்குக் கண்டுபிடித்தது. லாரிக்கு அது ரயிலிலிருந்து வந்த சொத்து.

காற்றுக்கு ஒரு குறை உண்டு. அது தாமதமாகப் போகும். மிதியில் கால் பட்டு, மஞ்சள் ஹோஸ் வழியாக அழுத்தம் ஊர்ந்து, கடைசி அச்சில் பிரேக்கை அழுத்தும் சேம்பரை எட்டுவதற்குள் அரை விநாடி போய்விடுகிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் அரை விநாடி என்பது 8 மீட்டருக்கு மேல். அந்த 8 மீட்டரிலும் முன்வண்டி பிடிக்கத் தொடங்கியிருக்கும், பின்வண்டி இன்னும் தள்ளிக்கொண்டிருக்கும். மழை ஈரத்தில் முன்வண்டியின் பின்சக்கரங்கள் இறுகி வழுக்கினால் டிரைலர் அதை முட்டி மடக்கிவிடும். டிரைலரின் சக்கரங்கள் இறுகினாலோ வால் பக்கத்து லேனை முழுதாகப் பெருக்கிவிடும். பெருங்களத்தூருக்கும் பல்லாவரத்துக்கும் இடையே அந்தப் பக்கத்து லேனில் இருப்பவர்கள் பெரும்பாலும் இருசக்கர வண்டிக்காரர்கள்.

இதற்காகத்தான் டிரைலருக்குள் மின்சாரம் நுழைந்தது. சக்கரம் இறுகுகிறதா என்று பார்க்கும் சென்சார், இறுகப்போகும் கணத்தில் காற்றை விட்டுவிட்டுப் பிடிக்கும் வால்வு, இரண்டையும் ஆளும் சிறு மின்னணுப் பெட்டி. ஏ.பி.எஸ். என்பது இவ்வளவுதான். ஐரோப்பாவில் இன்னும் ஒரு படி மேலே போய், மிதித்த அளவையே கம்பி வழியாக அனுப்பும் இ.பி.எஸ். பரவிவிட்டது. தாம்பரம் ரயிலில் நடப்பதுதான் அங்கே லாரியில் நடக்கிறது. இந்தியாவில் கனரக வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். 2015-இல் கட்டாயமாயிற்று. ஆகவே இப்போது இரண்டு ஹோஸ்களோடும் லைட் கேபிளோடும் இன்னொரு தடித்த கேபிளும் முன்வண்டியையும் டிரைலரையும் சேர்க்கிறது. அதில் 24 வோல்ட் மின்சாரம் போகிறது.

அந்தக் கேபிள்தான் பிரச்சினை. வண்டலூர் வெளிவட்டச் சாலையின் ஓரத்தில் வரிசைகட்டி நிற்கும் வண்டிகளுக்குப் பின்னால் நடந்து பார்த்தால், சிலவற்றில் ஹோஸ்கள் இரண்டும் ஒழுங்காக மாட்டியிருக்கும், கேபிள் மட்டும் கம்பியில் முடிந்து தொங்கும். சிலவற்றில் பிளக்கின் மூடியே இருக்காது. ஹோஸை மாட்டாவிட்டால் வண்டி நகராது, லைட் கேபிளை மாட்டாவிட்டால் போலீஸ் பிடிக்கும். ஏ.பி.எஸ். கேபிளை மாட்டாவிட்டால் ஒன்றும் ஆகாது. ஓட்டுநர் பலகையில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும், அவ்வளவுதான். அதற்கும் ஒரு வைத்தியம் இருக்கிறது: பல்பைக் கழற்றிவிடுவது.

பழுதானாலும் வண்டி ஓடும், மிதித்தால் நிற்கும் என்பதால்தான் இந்தப் பழுது சரிசெய்யப்படுவதில்லை. ஏ.பி.எஸ். இல்லை என்பது ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ, மழையில், யாரோ குறுக்கே வந்த கணத்தில் மட்டுமே தெரியவரும். அந்தக் கணத்துக்குப் பிறகு எழுதப்படும் காகிதத்தில் காரணம் 'அதிவேகம், கவனக்குறைவு' என்றுதான் இருக்கும்.

பழுது கண்டுபிடிப்பது பெரிய வித்தையும் அல்ல. முதலில் பிளக். சென்னையின் ஈரமும் எண்ணூர்ப் பக்கத்து உப்புக் காற்றும் சேர்ந்து பித்தளை முனைகளைப் பச்சை பிடிக்க வைத்துவிடும். முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிச் சாலைகளில் அடையாற்று வெள்ளம் ஏறுவது ஏறக்குறைய ஆண்டுதோறும் நடப்பது. 2015 டிசம்பர் முதல் தேதி தொடங்கிய மழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் பதிவானது 49 சென்டிமீட்டர். அச்சு மூழ்கத் தண்ணீரில் போன டிரைலரின் பிளக்கையும் சென்சாரையும் கழற்றித் துடைத்துப் பார்க்காமல் மறுநாள் லோடுக்கு விட்டால் அடுத்த கோடைக்குள் கோளாறு வந்தே தீரும். பிளக்குக்கு அடுத்தது சக்கரச் சென்சார். அதன் முனை பல்சக்கர வளையத்தை ஒட்டினாற்போல் இருக்க வேண்டும். பேரிங்கில் ஆட்டம் இருந்தால் வளையம் சென்சாரைத் தட்டித் தட்டிப் பின்னுக்குத் தள்ளிவிடும், சைகை நின்றுபோகும். மல்டிமீட்டரை வைத்தால் சென்சாரின் தடை ஏறக்குறைய ஆயிரம் ஓமுக்கு மேல் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. இதற்கெல்லாம் ஒரு ஜாக்கியும் ஒரு மீட்டரும் ஒரு மணி நேரமும் போதும்.

பிறகு ஏன் நடப்பதில்லை? பட்டறைகளின் பிரிவினை ஒரு காரணம். ஏர் பிரேக் பார்ப்பவர் ஒருவர், வயரிங் பார்ப்பவர் வேறொருவர், லைனிங் அடிப்பவர் மூன்றாமவர். மூவருக்கும் தனித்தனிக் கடை. காற்றுப் பட்டறைக்கு வண்டியை விட்டால் வால்வையும் டயாபிரத்தையும் பார்த்து, 'நம்ம வேலை முடிஞ்சது, மிச்சம் எலக்ட்ரீஷியன் பார்க்கணும்' என்பார். எலக்ட்ரீஷியன் லைட், ஹாரன், செல்ஃப் ஸ்டார்ட் பார்ப்பார். பிரேக் சம்பந்தப்பட்ட மின்னணுப் பெட்டியைத் தொட அவருக்குத் தயக்கம். தொட்டு ஏதாவது ஆனால் தன் தலையில் விழும் என்பது அவர் கணக்கு. காற்றும் மின்சாரமும் சந்திக்கும் இடத்தில் இருவருக்கும் பொதுவாக ஒரு ஆள் இல்லை. ஐ.டி.ஐ.களில் டீசல் மெக்கானிக் ஒரு பிரிவு, எலக்ட்ரீஷியன் வேறொரு பிரிவு. ஏ.பி.எஸ். வந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இரண்டும் தெரிந்த ஒரு ஆளைத் தெருவில் தேட வேண்டியிருக்கிறது என்றால் பாடத்திட்டத்தைத்தான் முதலில் ஷெட்டுக்கு விட வேண்டும்.

மின்சாரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் பழைய நோய்கள் மறந்துபோகும். ஸ்பிரிங் பிரேக் விஷயத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. காற்று இறங்கினால் ஸ்பிரிங் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். நடுவழியில் ஹோஸ் வெடித்து வண்டி இப்படிப் பிடித்துக்கொண்டால், சேம்பரின் பின்னாலுள்ள நீளப் போல்ட்டை முறுக்கி ஸ்பிரிங்கை மடக்கிக் கட்டி, வண்டியை ஓரங்கட்டுவார்கள். அவசரத்துக்கு அதுதான் வழி, வண்டி தயாரித்தவர்களே கொடுத்த வழிதான். ஆனால் ஹோஸை மாற்றிய பிறகு அந்தப் போல்ட்டைத் திருப்பித் தளர்த்த மறந்தால் அந்தச் சக்கரத்துக்கு இனி பார்க்கிங் பிரேக்கும் இல்லை, காற்று போனால் பிடிக்கவும் செய்யாது. வெளியிலிருந்து பார்த்தால் சேம்பரின் பின்னால் விரல் நீளத்துக்குத் துருத்தி நிற்கும் போல்ட் ஒன்றுதான் அடையாளம். சாலைச் சோதனை செய்யும் அதிகாரிக்கு இதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் தேவையில்லை, குனிந்து பார்த்தால் போதும்.

சேம்பரின் தள்ளுகோலையும் பிரேக்கையும் இணைத்து, இடைவெளியைச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டரும் அப்படித்தான். லைனிங் தேயத் தேயத் தள்ளுகோல் அதிக தூரம் வெளியே வர வேண்டியிருக்கும். பரவலாக உள்ள 30-ஆம் வகைச் சேம்பரில் 2 அங்குலத்தைத் தாண்டினால் வட அமெரிக்கச் சாலைச் சோதனையில் அந்தப் பிரேக்கைப் பழுது என்று எழுதிவிடுகிறார்கள். டிரம் சூடேறி விரிந்தால் தூரம் இன்னும் கூடும். நின்ற இடத்தில் நன்றாகப் பிடித்த பிரேக், தொப்பூர் கணவாயின் பாதி இறக்கத்தில் பிடிக்காமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். 2020 டிசம்பரில் அந்த இறக்கத்தில் சிமென்ட் ஏற்றி வந்த லாரி ஒன்று கட்டுப்பாடு இழந்து வரிசையாக நின்ற கார்கள்மீது மோதியதில் நால்வர் இறந்தார்கள். தென்சென்னைப் புறநகரில் கணவாய் இல்லை. இங்கே சிக்னலும் மேம்பாலச் சரிவும் நெரிசலும்தான் டிரம்மைக் காய்ச்சுகின்றன. இரும்புலியூர் சந்திப்பில் ஒரு மாலை நேரம் நின்று பார்த்தவர்களுக்கு லைனிங் கருகும் வாசனை புதிதல்ல.

பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கு வருவோம். இழுவை வண்டிக்கு ஒரு பதிவெண், டிரைலருக்கு வேறொரு பதிவெண். இரண்டுக்கும் தனித்தனி எஃப்.சி. என்ற தகுதிச் சான்று, தனித்தனி இன்சூரன்ஸ், பல சமயம் தனித்தனி முதலாளி. தாம்பரத்தில் டி.என். 11 போட்ட முன்வண்டி இன்று ஒரு டிரைலரை இழுக்கும், நாளை யார்டில் அதை விட்டுவிட்டு வேறொன்றை மாட்டிக்கொண்டு போகும். ஏ.பி.எஸ். விளக்கு எரிந்தால் முன்வண்டிக்காரர் 'டிரைலர் கோளாறு' என்பார். டிரைலர்க்காரர் 'போன வண்டிக்காரன் மாட்டும்போது சரியாத்தான் இருந்தது' என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை. கோளாறு இருவருக்கும் நடுவிலுள்ள ஒன்றரை மீட்டர் கேபிளில் இருக்கிறது, அது இருவருடைய ஆர்.சி. புத்தகத்திலும் இல்லை.

அரசாங்கம் பார்க்கும் இடம் எஃப்.சி. ஒன்றுதான். 8 ஆண்டு வரையான சரக்கு வண்டிக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதற்கு மேல் போனால் ஆண்டுதோறும். மோட்டார் வாகன ஆய்வாளரைத் தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்றே ஊர் அழைத்தது. அவருடைய வேலையில் எது முதன்மை என்று மக்கள் நினைத்தார்கள் என்பது அந்தப் பெயரிலேயே தெரிகிறது. நடைமுறையில் எஃப்.சி.க்கு விடும் வண்டி புதுப் பெயின்ட் அடித்து, ரிஃப்ளெக்டர் ஒட்டி, மைதானத்தில் கொஞ்ச தூரம் ஓடி நின்று காட்டும். வெறும் வண்டியாக. மொத்தம் 55 டன் எடையோடு ஓடப்போகும் ஜோடி, வெற்று டிரைலரோடு நின்றுகாட்டினால் அதிலிருந்து என்ன தெரியும்? 2018-இல் இந்த உச்ச எடையே 49 டன்னிலிருந்து 55 டன்னாக உயர்ந்தது. நிறுத்த வேண்டிய சுமை கூடிவிட்டது. நிறுத்துகிறதா என்று பார்க்கும் முறை இருந்த இடத்திலேயே இருக்கிறது.

தானியங்கிச் சோதனை மையங்கள் இதை மாற்றும் என்கிறார்கள். உருளைமேல் சக்கரத்தை நிறுத்தி, ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு பிடிக்கிறது என்று கருவியே அளக்கும், யாரும் ஏமாற்ற முடியாது. விதிகள் 2021 செப்டம்பரில் வந்தன. கனரக வண்டிகளுக்கு 2023 ஏப்ரல் 1 என்று குறித்த கெடு 2024 அக்டோபர் 1-க்குத் தள்ளிப்போனது. நல்ல ஏற்பாடுதான், மைதானத்தில் நின்றுகாட்டுவதைவிட எவ்வளவோ மேல். ஆனால் உருளையும் வெற்று வண்டியை வைத்தால் ஏமாறும். பாரம் இல்லாத சக்கரம் கொஞ்சம் பிடித்தாலே இறுகி நின்றுவிடும், பாரத்தோடு அது போதுமா என்று தெரியாது. டிரைலரைத் தனியாகச் சோதித்துச் சான்று கொடுத்தால் கேபிளும் பிளக்கும் வழக்கம்போல் தப்பித்துக்கொள்ளும்.

இதில் சென்னைக்காரர்கள் வெட்கப்பட வேண்டிய ஒரு விஷயம் உண்டு. நாட்டின் பிரேக் தொழிலுக்குத் தாய்வீடு இந்த ஊர். பாடியில் பிரேக்ஸ் இந்தியாவும் ஏர் பிரேக் செய்த சுந்தரம் கிளேட்டனும் தொடங்கியது 1962-இல். சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு தரத்துக்கான ஜப்பானின் டெமிங் பரிசை 1998-இல் வாங்கியது. அந்தப் பிரிவு பின்னர் வாப்கோ ஆகி, இப்போது இசட்.எஃப். கையில் இருக்கிறது. புது வண்டிகளைச் சோதித்துச் சான்றளிக்கும் மத்திய அரசின் ஆராய்ச்சி மையம் ஒரகடத்தில் இருக்கிறது, தாம்பரத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில். இந்தியாவிலேயே பிரேக்கைப் பற்றி அதிகம் தெரிந்தவர்கள் நெருக்கமாக வாழும் ஊர் இதுவாகத்தான் இருக்கும். இங்கே பிறக்கும்போது அத்தனை சோதனைக்கும் உள்ளாகும் வண்டி, பத்தாண்டு கழித்து வெளிவட்டச் சாலையோரம் பல்பு கழற்றிய நிலையில் நிற்கிறது.

இதுவரை சொன்னது பிரேக் இருந்தும் கவனிப்பில்லாத டிரைலர்களைப் பற்றி. பிரேக்கே இல்லாதவை வேறு இருக்கின்றன. மேடவாக்கம், சித்தாலப்பாக்கம், மாடம்பாக்கம் பக்கத்துத் தெருக்களில் டிராக்டர் இழுத்து வரும் தண்ணீர் டேங்கர், கட்டட வேலைக்குச் செங்கல்லும் ஜல்லியும் ஏற்றும் டிராக்டர் டிரைலர், மணலி முதல் மறைமலைநகர் வரை லாரிக்குப் பின்னால் ஆடிக்கொண்டு போகும் ஜெனரேட்டர் வண்டி. 5,000 லிட்டர் தண்ணீர் என்றால் 5 டன், தொட்டியும் சட்டமும் தனி. இழுக்கும் டிராக்டரோ 2 டன் சொச்சம். பின்னால் வருவதற்குப் பெரும்பாலும் பிரேக் கிடையாது. மொத்தப் பாரத்தையும் டிராக்டரின் இரண்டு பின்சக்கரங்கள்தான் பிடிக்க வேண்டும். அந்த இரண்டுக்கும் இடது, வலது என்று தனித்தனி மிதி, வயலில் திருப்புவதற்காக. சாலைக்கு வரும்போது இரண்டையும் கொண்டியால் சேர்க்க வேண்டும். சேர்க்க மறந்து ஒன்றை மட்டும் மிதித்தால் டிராக்டர் ஒரு பக்கம் இழுக்கும். பின்னால் பாதி நிறைந்த தொட்டியில் தண்ணீர் அலைந்து மறுபக்கம் தள்ளும்.

இந்த வண்டிகளுக்கு ஒரு தீர்வு வெளிநாடுகளில் ஏறக்குறைய நூறு ஆண்டாகப் புழக்கத்தில் இருக்கிறது. நம் தெருவில்தான் அதைப் பார்க்க முடிவதில்லை. மின்சார டிரம் பிரேக் என்று சொல்லலாம். அமெரிக்காவின் பெலாய்ட் நகரில் வார்னர் நிறுவனம் 1920-களிலேயே இதைச் செய்யத் தொடங்கியது. டொரன்டோவிலும் மெல்போர்னிலும் வாழும் தமிழர்கள் கேரவனைக் காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு போகும்போது பெரும்பாலும் இதைத்தான் நம்பிப் போகிறார்கள். ஒன்டாரியோவில் மொத்த எடை 1,360 கிலோவை எட்டும் எந்த டிரைலருக்கும் பிரேக் கட்டாயம். ஆஸ்திரேலியாவில் வரம்பு 750 கிலோ. 2 டன்னைத் தாண்டினால், கொக்கி கழன்று டிரைலர் தனியே ஓடினாலும் தானே பிடிக்கும் ஏற்பாடு வேண்டும்.

அமைப்பு எளியது. டிரம்முக்குள் ஒரு மின்காந்தம், ஒரு நெம்புகோலின் நுனியில். ஓட்டுநர் மிதித்ததும் 12 வோல்ட் மின்சாரம் அதற்குப் போகிறது. காந்தம் சுழலும் டிரம்மின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டு அதோடு சேர்ந்து நகரப் பார்க்கிறது. அந்த இழுப்பில் நெம்புகோல் திரும்பி இரண்டு ஷூக்களையும் டிரம்மின்மேல் அழுத்துகிறது. கம்ப்ரசர் வேண்டாம், தொட்டி வேண்டாம், ஹோஸ் வேண்டாம். டிராக்டரில் ஏற்கெனவே 12 வோல்ட் பேட்டரி இருக்கிறது. டிராக்டர் டேங்கருக்கு இதைவிடப் பொருத்தமான பிரேக்கைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். ஏன் இந்த ஊரில் யாரும் செய்து விற்பதில்லை என்றால், யாரும் கேட்பதில்லை. கேட்கும்படி சட்டம் யாரையும் நெருக்குவதில்லை.

பராமரிப்பும் தெருமுனை எலக்ட்ரீஷியனுக்கு எட்டியதுதான். ஒரு காந்தத்தின் தடை 3 முதல் 4 ஓமுக்குள் இருக்கும், ஒவ்வொன்றும் 3 ஆம்பியர் சுமாராக எடுக்கும். இரண்டு அச்சு, நான்கு சக்கரம் என்றால் மொத்தம் 12 ஆம்பியர். பிரேக்கை முழுதாக அழுத்தி மீட்டரில் 12 வந்தால் எல்லாம் சரி. 9 வந்தால் ஒரு சக்கரம் செத்திருக்கலாம். எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் குறைந்தால் வயரையும் எர்த்தையும் சந்தேகிக்க வேண்டும். வெளிநாட்டு மெக்கானிக்குகள் முதலில் போய்ப் பார்ப்பது எர்த்தைத்தான். துருப்பிடித்த சட்டத்தில் ஒரு ஸ்க்ரூவை நம்பி விட்ட எர்த் பாதி பிரேக்கைத் தின்றுவிடும். மெல்லிய வயர் இன்னொரு திருடன். வழியில் 0.2 ஓம் தடை இருந்தால் போதும், 12 ஆம்பியரில் 2 வோல்ட்டுக்கு மேல் வயரிலேயே போய்விடும்.

மின்சாரம் சரியாக வந்தும் பிடிக்கவில்லை என்றால் டிரம்மைக் கழற்ற வேண்டும். காந்தத்தின் முகம் ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் நல்லது, ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் நெம்புகோலின் புஷ் போயிருக்கிறது. பேரிங் கிரீஸ் சீலைத் தாண்டி ஷூவில் வழிந்திருந்தால் துடைத்துப் பயனில்லை, ஷூவை மாற்றத்தான் வேண்டும். 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஷூவை நெருக்கி வைப்பது வழக்கம். எல்லாம் சேர்த்தாலும் பிரேக் லைனிங் அடிக்கத் தெரிந்த கைக்கு ஒரு நாள் வேலை.

இங்கே உரிமையாளர்கள் பக்கத்து நியாயத்தையும் கேட்க வேண்டும். ஒன்று இரண்டு வண்டி வைத்திருப்பவர்கள்தான் இந்தத் தொழிலில் ஏராளம். டீசல், டோல், தவணை போக மிச்சம் சொற்பம். பல ஓட்டுநர்களுக்கு டிரிப்புக்கு இவ்வளவு என்றுதான் கூலி. வண்டி ஒரு நாள் பட்டறையில் நின்றால் அந்த நாள் அவருக்கும் வருமானம் இல்லை. மஞ்சள் விளக்கைப் பார்த்துவிட்டு வண்டியை ஓரங்கட்டுகிற ஓட்டுநர் தன் கையிலிருந்து தண்டம் கட்டுகிறார். ஆகவே 'பொறுப்பில்லாத டிரைவர்கள்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவது சுலபம், சரியல்ல. சென்சார் மாற்றும் செலவு பெரிதில்லை. வண்டியை நிறுத்தும் செலவுதான் பெரிது. அந்தச் செலவைக் குறைக்க அரசால் முடியும்.

எப்படி? கன்டெய்னர் வண்டிகள் எப்படியும் மணிக்கணக்கில் காத்திருக்கும் இடங்கள் இருக்கின்றன: துறைமுக வாசல், சரக்குப் பெட்டக யார்டு, தொழிற்சாலைக் கேட். லோடு ஏற்றிய நிலையில், முன்வண்டியும் டிரைலரும் மாட்டிய நிலையில் வண்டி தானாக வந்து நிற்பது அங்கேதான். எடை போடும் மேடை அங்கே ஏற்கெனவே உண்டு. பக்கத்தில் ஒரு உருளைச் சோதனைக் கருவியும், மல்டிமீட்டரும் பிளக்கும் சென்சாரும் கையிருப்பில் வைத்திருக்கும் ஒரு சிறு பட்டறையும் வைத்தால் காத்திருக்கும் நேரத்திலேயே வேலை முடிந்துவிடும். வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை 62 கிலோமீட்டர். ஒரகடத்திலிருந்து எண்ணூர் காமராஜர் துறைமுகம் போகும் கார் வண்டிகளுக்கு அது ஒரு முக்கிய வழி. அந்த நீளத்தில் விளக்கும் பள்ளமும் கழிப்பறையும் கொண்ட நிறுத்துமிடம் இரண்டு இருந்தால்கூடப் போதும். வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்க இடம் கொடுக்காமல், குனிந்து பார்க்கவில்லை என்று ஓட்டுநரைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை.

எஃப்.சி. விதியில் மாற்ற வேண்டியது ஒன்றே. டிரைலரை ஒரு முன்வண்டியோடு மாட்டி, பாரத்தோடு, கேபிள் இணைத்து, ஏ.பி.எஸ். விளக்கு எரிந்து அணைவதைப் பார்த்த பிறகே சான்று தர வேண்டும். விளக்கு முதலில் எரிய வேண்டும் என்பது முக்கியம், எரியாமலே இருந்தால் பல்பு இல்லை என்று பொருள். டிரைலரின் சட்டத்தில் ஒரு தகடு அடித்து, லைனிங் மாற்றிய தேதி, அட்ஜஸ்டர் பார்த்த தேதி, ஏ.பி.எஸ். சோதித்த தேதி மூன்றையும் பொறிக்கச் சொல்லலாம். அடுத்து மாட்ட வரும் ஓட்டுநர் அதைப் படித்துவிட்டு மாட்டலாமா வேண்டாமா என்று முடிவு செய்வார். சாலைச் சோதனையில் ஏ.பி.எஸ். கேபிள் தொங்கினால் அதை மின்கோளாறாக அல்ல, பிரேக் கோளாறாகவே எழுத வேண்டும். அபராதம் முன்வண்டியின் பதிவெண்ணுக்கும் டிரைலரின் பதிவெண்ணுக்கும் பாதிப் பாதி போகட்டும். யார்டில் மாட்டும்போதே இரு தரப்பும் பிளக்கைத் திறந்து பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.